மில்லிங் ஸ்பிண்டிலில் இறுகிப்போன டூல் ஹோல்டர்: அடிக்காமல் எடுக்க வழி உண்டா?

நைட்ஷிப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். எங்களிடம் இருப்பது செங்குத்து மெஷினிங் சென்டர், பிடி 40 (BT40) டேப்பர், அதாவது சுழலும் ஸ்பிண்டிலில் டூல் ஹோல்டர் போய் உட்காரும் கூம்பு. நேற்று வார்ப்பிரும்பில் பேஸ் மில் (பரப்பைச் சமமாக்கும் கட்டர்) போட்டு நெடுநேரம் கனமாக ஓட்டினார்கள். வேலை முடிந்ததும் அந்த டூலை ஸ்பிண்டிலிலேயே விட்டுவிட்டு மெஷினை நிறுத்தியிருக்கிறார்கள். இன்று காலையில் டூலை விடுவிக்கும் அன்கிளாம்ப் பட்டனை அழுத்தினால் காற்றுச் சத்தம் கேட்கிறது, ஹோல்டர் மட்டும் அசையவே இல்லை. கையால் இழுத்துப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு விஷயம். சில வாரங்களாகவே டூல் கழலும்போது ‘டப்’ என்று பெரிய சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் “செம்புச் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டு, விழுந்துவிடும்” என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பழைய பிட்டர்:

தம்பி, முதலில் அந்தச் சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டு அடி மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்பிண்டிலின் முன்பக்கம் இருப்பவை ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குகள். மெஷின் நிற்கும்போது ஒரு அடி விழுந்தால், ஒவ்வொரு பந்தும் தான் நிற்கும் இடத்தில் ஓடுபாதையில் ஒரு சின்னப் பள்ளம் பதித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஸ்பிண்டில் ஓடும்போது இரைச்சல், சூடு, பினிஷில் அலைகள் என்று ஒவ்வொன்றாக வரும். ஹோல்டர் போனால் ஒரு ஹோல்டர்தான். பேரிங் போனால் ஸ்பிண்டிலையே கழற்ற வேண்டும்.

அடுத்து, எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். டேப்பர் இறுகியிருக்கிறதா, இல்லை ஹோல்டரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் தண்டான டிராபார் விடவே இல்லையா? இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வைத்தியம் வேறு. டிராபார் விடாமல் இருக்கும்போது நீங்கள் ஹோல்டரை இழுத்தால், அந்த டிராபாரை மேலே இழுத்து வைத்திருக்கும் டிஸ்க் ஸ்பிரிங் அடுக்கு முழுவதையும் எதிர்த்து இழுக்கிறீர்கள். 40 அளவு ஸ்பிண்டிலில் அது ஏறத்தாழ ஒரு டன் இழுவிசை. நெம்பி ஜெயிக்க முடியாது, எதையாவது உடைக்கத்தான் முடியும்.

இவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மெஷினுக்கு வரும் காற்றழுத்தம் எவ்வளவு, அன்கிளாம்ப் அழுத்தும் நொடியில் கேஜ் முள் எவ்வளவு இறங்குகிறது? உங்கள் மெஷினில் காற்றழுத்தத்தை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் பூஸ்டர் இருந்தால், அதன் எண்ணெய் மட்டம் எங்கே நிற்கிறது? மேல் மூடியைத் திறந்து, அன்கிளாம்ப் செய்யும்போது டிராபாரின் தலை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று டயல் வைத்துப் பாருங்கள். கையேட்டில் உள்ள ஸ்ட்ரோக் அளவோடு ஒப்பிடுங்கள்.

நைட்ஷிப்ட்:

நன்றி அண்ணா. சுத்தியலை எடுத்து வைத்துவிட்டேன். அளந்துவிட்டு வருகிறேன்.

சின்னப் பட்டறை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கையால் ஓட்டும் டரெட் மில், ஆர்8 (R8) டேப்பர் ஸ்பிண்டில். எனக்கும் இதே தொல்லைதான். கட்டரைக் கவ்விப் பிடிக்கும் கொலெட் சில சமயம் விடுவதே இல்லை. டிராபாரை முழுவதும் கழற்றிவிட்டு மேலிருந்து தட்டுகிறேன். அது சரியா?

பழைய பிட்டர்:

முழுவதும் கழற்றாதீர்கள். அதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஆர்8 டிராபாரின் மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 இழை. ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள், மீதி இழைகள் எல்லாம் கொலெட்டுக்குள் பிடித்தபடி இருக்கட்டும். அப்புறம் டிராபாரின் தலையில் பித்தளைச் சுத்தியலால் நேராக ஒரு தட்டு. ஓரிரு இழை மட்டும் பிடித்திருக்கும்போது தட்டினால் கொலெட்டின் இழையும் நசுங்கும், டிராபாரின் நுனியும் காளான் போல விரியும். விரிந்த டிராபார் அடுத்த கொலெட்டின் மரையையும் கெடுக்கும்.

தட்டுவதற்கு முன் குயிலை (ஸ்பிண்டிலைச் சுமந்து மேலும் கீழும் நகரும் குழல்) முழுவதும் மேலே ஏற்றிப் பூட்டுங்கள். கீழே டேபிளில் மரக்கட்டை வையுங்கள், கட்டர் விழுந்தால் டேபிளும் தப்பும் கட்டரும் தப்பும்.

இந்த மேலடியும் பேரிங் வழியாகத்தான் போகிறது, அதை மறக்க வேண்டாம். சின்னத் தட்டுக்குக் கழலாவிட்டால் பெரிய அடிக்குப் போகாமல் ஏன் என்று தேடுங்கள். ஆர்8-ல் இறுக்கத்துக்குப் பாதிக் காரணம் டேப்பரே இல்லை. ஸ்பிண்டிலுக்குள் கொலெட் சுழலாமல் தடுக்கும் சின்னப் பின் ஒன்று இருக்கும். கொலெட் வழுக்கும்போது அது வளைந்தோ முறிந்தோ கொலெட்டின் பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி நிற்கும். கொலெட்டின் மேல் பாதி நேர் உருளை, கிட்டத்தட்ட 24.1 மி.மீ. விட்டம். அதில் ஒரு பிசிறு இருந்தாலும் ஸ்பிண்டில் துளையில் கடிக்கும். விரலால் தடவிப் பாருங்கள்.

சின்னப் பட்டறை:

பின்னை இதுவரை பார்த்ததே இல்லை ஐயா. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வெர்னியர்:

ஒரு கேள்வி எல்லோருக்கும் வரும். பிடி 40-ல் இருக்கும் 7/24 டேப்பர் தானாக விடக்கூடியது என்றுதானே படித்தோம், பின் ஏன் இறுகுகிறது? கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

7/24 என்றால் 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. குறைகிறது. ஒரு பக்கச் சரிவு 7/48, அதாவது 0.146. ஒரு டேப்பர் தானாக விட வேண்டுமானால் உராய்வுக் குணகம் இந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். எஃகின் மேல் எஃகு, லேசான எண்ணெய்ப் பசையோடு இருந்தால் உராய்வு 0.1-க்குப் பக்கத்தில் இருக்கும். விட்டுவிடும். சுத்தமாக உலர்ந்துபோனால் 0.15, 0.2 என்று ஏறும். ஆக இந்த டேப்பர் விடுவதும் பிடிப்பதும் மயிரிழை எல்லையில்தான் இருக்கிறது. உராய்வு 0.2 ஆனால், உள்ளே இழுத்த விசையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கொடுத்தால்தான் ஹோல்டர் வெளியே வரும். ஒரு டன்னில் இழுத்ததற்கு 160 கிலோ. கையால் இழுத்து வராததில் ஆச்சரியமே இல்லை.

மற்ற டேப்பர்களோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். மோர்ஸ் டேப்பர் கிட்டத்தட்ட 20-க்கு 1, ஒரு பக்கச் சரிவு 0.025 மட்டுமே. உராய்வு 0.15 என்று வைத்தாலே இழுத்த விசையில் 70 சதவீதம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அது பிடித்துக்கொள்ளவே செய்யப்பட்டது. எச்எஸ்கே (HSK) என்ற டேப்பர் வகை 10-க்கு 1, அதுவும் தானாக விடாது, அதனால்தான் அந்த ஸ்பிண்டில்களில் ஹோல்டரை வெளியே தள்ளும் ஏற்பாடு எப்போதும் இருக்கும். ஆர்8-ன் கோணம் 7/24-க்கு மிக அருகில், அதனால் அதுவும் இதே எல்லைக்கோட்டில் நிற்கிறது.

இத்தோடு வெப்பத்தைச் சேருங்கள். பிடி 40-ன் பெரிய விட்டம் 44.45 மி.மீ. நெடுநேரம் ஓடிய ஸ்பிண்டில் ஹோல்டரைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், துளை 10 மைக்ரான் விரிந்திருக்கும். அந்த 10 மைக்ரான் விட்ட வித்தியாசம் அச்சுத் திசையில் 35 மைக்ரான் ஆகிறது. சூடான ஸ்பிண்டிலுக்குள் குளிர்ந்த ஹோல்டரைப் போட்டால் அது அவ்வளவு ஆழமாக உள்ளே போய் உட்கார்கிறது. பிறகு எல்லாம் ஆறும்போது ஸ்பிண்டில் சுருங்கி அதை நெரிக்கிறது. ராத்திரி டூலை உள்ளேயே விட்டுவிட்டுப் போவது ஏன் ஆபத்து என்பதற்கு விடை இதுதான்.

ஐந்தாம் அச்சு:

கணக்கு அருமை. ஆனால் மெஷினே டன் கணக்கில் இழுக்கும்போது எதற்கு இவ்வளவு யோசனை? கட்டரை வைஸில் இறுக்கிப் பிடித்து, அன்கிளாம்ப் அழுத்தி, இசட் அச்சை மெல்ல மேலே ஜாக் செய்தால் வந்துவிடும். நான் இப்படி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பிட்டர்:

வரும் தம்பி, நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எதிர்க்கிறேன், காரணம் சொல்கிறேன். நீங்கள் இழுக்கும் விசை எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள். ஹோல்டர், ஸ்பிண்டில் தண்டு, முன் பேரிங், ஹெட், பால் ஸ்க்ரூ, காலம், டேபிள், வைஸ், மறுபடி ஹோல்டர். நடுவில் இருக்கும் நுட்பமான பாகங்கள் எல்லாம் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. டேப்பர் விடும்போது மெல்ல விடாது, ஒரே நொடியில் ‘டப்’ என்று விடும். அந்தத் துள்ளல் முழுவதும் பேரிங்கிலும் ஸ்க்ரூவிலும் இறங்கும். வைஸில் கட்டர் கொஞ்சம் சாய்ந்து பிடித்திருந்தால் பக்கவாட்டுச் சுமையும் சேரும்.

அதற்குப் பதில் விசையை ஸ்பிண்டில் முகத்துக்கும் ஹோல்டரின் விளிம்பு வளையமான ஃபிளாஞ்சுக்கும் நடுவிலேயே கொடுத்தால்? தள்ளுவதும் ஸ்பிண்டில் தண்டு, தள்ளப்படுவதும் அதில் உட்கார்ந்திருக்கும் ஹோல்டர். பேரிங்குக்கு எதுவும் தெரியாது. நான் எப்போதும் தேடுவது இந்த வழியைத்தான்.

கிரைண்டிங் கை:

பிட்டர் அண்ணன் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். ஸ்பிண்டில் டேப்பர் திரும்ப கிரைண்ட் செய்வது என் தொழில். என்னிடம் வரும் ஸ்பிண்டில்களில் டேப்பர் கெட்டு வருபவற்றைவிட, டேப்பரைக் கழற்றப் போய் கெடுத்து வருபவை மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அந்த இடைவெளியில் ஆப்பு வைத்துத் தள்ளப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். பிடி 40-ல் ஸ்பிண்டில் முகத்துக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளிதான் இருக்கும். பிடி 50-ல் 3 மி.மீ. கேட் (CAT) வகை ஹோல்டரில் 3.2-க்குப் பக்கம். முகமும் டேப்பரும் சேர்ந்து தொடும் இரட்டைத் தொடர்பு வகையாக இருந்தால் இடைவெளியே கிடையாது, அங்கே ஆப்பு நுழைக்கப் பார்க்கவே கூடாது. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்பிண்டில் முகம் கிரைண்ட் செய்த பரப்பு, அதில் ஒரு கீறல் மேடு விழுந்தாலும் பின்னால் தொல்லைதான்.

நைட்ஷிப்ட்:

அளந்துவிட்டேன். காற்றழுத்தம் ரெகுலேட்டரில் 6 பார் காட்டுகிறது, அன்கிளாம்ப் அழுத்தினால் லேசாக இறங்கி மறுபடி ஏறிவிடுகிறது. பூஸ்டரின் எண்ணெய் மட்டம் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருக்கிறது. டிராபார் இறங்குகிறது, ஆனால் கையேட்டில் சொன்ன ஸ்ட்ரோக்கில் கடைசி ஒரு பகுதி வரவில்லை.

பழைய பிட்டர்:

பாதி விடை கிடைத்துவிட்டது.

டிராபாரின் ஸ்ட்ரோக்கில் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் ஸ்பிரிங்கை அமுக்கி, ஹோல்டரின் சின்ன முனையில் திருகியிருக்கும் புல் ஸ்டட்டைப் பிடித்திருக்கும் விரல்களைத் திறக்கிறது. கடைசியில் டிராபாரின் நுனி புல் ஸ்டட்டின் தலையில் இடித்து ஹோல்டரைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. பல மெஷின்களில் அந்தத் தள்ளல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பூஸ்டரில் எண்ணெய் குறைந்தால் முதலில் குறைவது இந்தக் கடைசித் தள்ளல்தான். விரல் திறந்திருக்கும், ஹோல்டரைத் தள்ள ஆள் இருக்காது. அல்லது தலையில் இடித்தபடி, தள்ளும் வலு இல்லாமல் நிற்கும். உங்களுக்கு வந்துகொண்டிருந்த ‘டப்’ சத்தம், தள்ளல் கடைசி நூலில் நடந்துகொண்டிருந்ததன் அடையாளம்.

கையேட்டில் உள்ள வகை எண்ணெயையே ஊற்றி, காற்றுக்குமிழ் வெளியேறும்படி செய்துவிட்டு மறுபடி அன்கிளாம்ப் பாருங்கள். கிளாம்ப், அன்கிளாம்ப் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். அதிலேயே வந்துவிட்டால் நல்லது.

ஒரு விஷயம் கண்டிப்பாக: கீழே மரக்கட்டையும் அதன் மேல் தடித்த ரப்பரும் வைத்து, ஹோல்டருக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி மட்டும் இருக்கும்படி ஹெட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பேஸ் மில்லைக் கழற்ற முடிந்தால் ஆர்பரிலிருந்து (அதைத் தாங்கும் ஹோல்டர்) கழற்றிவிடுங்கள். அது விழும்போது பிடிக்கக் கை நீட்டக் கூடாது, இன்சர்ட் கையைக் கிழித்துவிடும்.

நைட்ஷிப்ட்:

எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. ஸ்ட்ரோக் கொஞ்சம் கூடியது. அன்கிளாம்ப் செய்யும்போது ஹோல்டருக்குக் கீழே டயல் வைத்தால் முள் லேசாக நடுங்குகிறது, கழலவில்லை. கட்டரைக் கழற்றிவிட்டேன், வெறும் ஆர்பர்தான் தொங்குகிறது.

பழைய பிட்டர்:

அப்படியானால் டிராபார் விட்டுவிட்டது, டேப்பர்தான் பிடித்திருக்கிறது. இனி டேப்பர் வைத்தியம்.

முதலில் குளிர். ஸ்பிண்டிலைச் சூடாக்குவதைவிட ஹோல்டரைக் குளிர்விப்பது பாதுகாப்பு. ஹாட் ஏர் கன்னை ஸ்பிண்டில் மூக்கில் காட்டினால் பேரிங் கிரீஸும் சீலும் கெடும், பேரிங்கின் ப்ரீலோடும் மாறும். கேஸ் விளக்கு வைப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்பிண்டிலுக்குச் சூடு வேண்டுமென்றால் அதற்கு இயல்பான வழி இருக்கிறது: மறுபடி கிளாம்ப் செய்து, கட்டர் இல்லாமல் நடுத்தர வேகத்தில் வழக்கமான வார்ம் அப் ஓட்டுங்கள். கைக்கு இதமான சூடு வந்ததும் நிறுத்துங்கள்.

உடனே உலர்பனிக்கட்டியைத் துணிப்பையில் போட்டு ஆர்பரைச் சுற்றிக் கட்டுங்கள். அது மைனஸ் 78 டிகிரி. தடித்த கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதிலிருந்து வருவது கரியமில வாயு. ரொம்ப நேரம் விட்டால் குளிர் ஸ்பிண்டிலுக்கும் ஏறிவிடும், பிறகு வித்தியாசமே இருக்காது. ஃபிளாஞ்சில் உறைபனி படிந்து மேலே ஏறத் தொடங்கும் நேரம்தான் அன்கிளாம்ப் அழுத்த வேண்டிய நேரம்.

அதற்கும் அசையாவிட்டால் ஆப்பு. ஒரே சரிவுள்ள இரண்டு மெல்லிய ஆப்புகளை எதிரெதிராக வைத்து ஒரு ஜோடி, அப்படி இரண்டு ஜோடி. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்போது வெளிப்பரப்புகள் இரண்டும் இணையாகவே இருக்கும், முகத்தில் கூர்முனை படாது. ஹோல்டரைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் கீ இருக்கும் இடத்தை விட்டு, அதற்குக் குறுக்கே இரண்டு பக்கமும் வையுங்கள். பித்தளையில் செய்தால் நல்லது. ஒருவர் மேனுவல் மோடில் அன்கிளாம்ப் பட்டனை விடாமல் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவர் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாக நுழைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் ஹோல்டர் சாய்ந்து இன்னும் கடிக்கும்.

ஐந்தாம் அச்சு:

விசை எங்கே சுற்றுகிறது என்று இப்படி யோசித்ததில்லை அண்ணா. இசட் அச்சு யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஒரு சந்தேகம்: அன்கிளாம்ப் சிலிண்டர் அழுத்துவதும் பேரிங் மேல்தானே விழும்?

பழைய பிட்டர்:

சில மெஷின்களில் விழும். நல்ல வடிவமைப்பில் அந்தச் சிலிண்டர் மிதந்து நிற்கும். அழுத்தும்போது ஸ்பிண்டில் தண்டின் பின்பக்க விளிம்பைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு டிராபாரை அமுக்கும், விசை தண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அந்த ஏற்பாடு இல்லாத மெஷினில் அழுத்தும் சுமையைப் பேரிங் தாங்கும்படி கணக்கிட்டிருப்பார்கள். ஆனால் அது நிதானமான அழுத்தம். சுத்தியல் அடி அப்படி இல்லை.

சின்னப் பட்டறை:

ஐயா, நீங்கள் சொன்னது சரிதான். ஆர்8 ஸ்பிண்டிலுக்குள் அந்தப் பின் பாதி முறிந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கொலெட்டின் பள்ளத்திலும் அதே இடத்தில் தேய்ந்த தடம். பின்னை எடுத்துவிட்டுப் பின் இல்லாமலே ஓட்டலாமா?

பழைய பிட்டர்:

பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆர்8-ல் திருகுவிசையைக் கடத்துவது டேப்பரின் உராய்வுதான், பின் இல்லை. கொலெட்டை மாட்டும்போது அது டிராபாரோடு சேர்ந்து சுழலாமல் பிடித்துக்கொள்ளத்தான் பின் உதவும். பின் இல்லாவிட்டால் கையால் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முறிந்த துண்டை மட்டும் உள்ளே விட்டுவைக்காதீர்கள்.

இன்னும் வசதி வேண்டுமானால் தானே தள்ளும் டிராபார் ஒன்று செய்துகொள்ளலாம். டிராபாரில் ஒரு தோள்பட்டை விட்டு, அதற்கு மேலே ஸ்பிண்டிலின் மேல்முனையில் ஒரு மூடியைத் திருகிவிட வேண்டும். டிராபாரைக் கழற்றும்போது அது மேலே வரப் பார்க்கும், மூடி தடுக்கும், அந்த விசை கொலெட்டைக் கீழே தள்ளும். சுத்தியலுக்கு வேலையே இருக்காது. மோர்ஸ் டேப்பர் ஸ்பிண்டில் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் வலியுறுத்தியே சொல்வேன். வெர்னியர் போட்ட 70 சதவீதக் கணக்கைப் பாருங்கள், அதை ஒவ்வொரு முறையும் சுத்தியலால் கொடுப்பது ஸ்பிண்டிலுக்குக் கொடுமை.

நைட்ஷிப்ட்:

வந்துவிட்டது!

வார்ம் அப் ஓட்டி, பனிக்கட்டி கட்டி, ஃபிளாஞ்சு வெளுத்ததும் அன்கிளாம்ப் கொடுத்தோம். அசையவில்லை. பித்தளை ஆப்புகளை இரண்டு பக்கமும் விரல் பலத்தோடு இறுக்கி, அப்புறம் லேசாகத் தட்டியதும் ‘டப்’ என்று ரப்பர் மேல் விழுந்தது. ஸ்பிண்டில் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஹோல்டரின் டேப்பரில் செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாகக் கறை இருக்கிறது. புல் ஸ்டட் இருக்கும் சின்ன முனைப் பக்கம் ஒரு வளையம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. பெரிய முனைப் பக்கம் அவ்வளவாகத் தடமே இல்லை. துருவா?

கிரைண்டிங் கை:

வந்தது சந்தோஷம் தம்பி. முதலில் டேப்பர் இரண்டையும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பனிக்கட்டி வைத்த இடத்தில் ஈரம் படிந்திருக்கும்.

அந்தச் செம்பழுப்பு, தண்ணீர் பட்டு வந்த சாதாரணத் துரு இல்லை. இரண்டு பரப்புகள் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, அதிர்வில் மைக்ரான் கணக்கில் உரசிக்கொண்டே இருந்தால் பிய்ந்து வரும் நுண்துகள் அங்கேயே ஆக்சைடு ஆகிவிடும். ஹோல்டர் ஸ்பிண்டிலுக்குள் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது என்று அது சொல்கிறது. அந்தத் துகள்தான் நடுவில் அடைந்து இறுக்கத்தையும் கூட்டுகிறது.

சின்ன முனையில் பளபளக்கும் வளையம் அதைவிட முக்கியம். நல்ல ஹோல்டரில் பெரிய முனை, அதாவது கேஜ் லைன் பக்கம்தான் நன்றாகத் தொட வேண்டும். சின்ன முனை மட்டும் தொட்டால் கட்டர் பக்கம் பிடிப்பே இல்லை, அதனால்தான் ஆட்டம். புல் ஸ்டட்டை யார், எதை வைத்து இறுக்கினார்கள்?

நைட்ஷிப்ட்:

நீளமான ஸ்பேனர் வைத்து, குழாய் சொருகி இறுக்குவதுதான் இங்கே வழக்கம் அக்கா. “கழன்றுவிடக் கூடாது” என்பார்கள்.

கிரைண்டிங் கை:

அங்கேதான் இருக்கிறது விஷயம். பிடி 40-ல் புல் ஸ்டட்டின் மரை எம்16. அந்த மரையைச் சுற்றி ஹோல்டரின் சின்ன முனையில் இருக்கும் சுவர் அதிகத் தடிமன் இல்லாதது. அளவுக்கு மீறி இறுக்கினால் மரையின் அழுத்தத்தில் அந்தச் சுவர் சில மைக்ரான் வெளியே வீங்கும். கண்ணுக்குத் தெரியாது, டேப்பருக்குத் தெரியும். வீங்கிய முனை முதலில் போய் ஸ்பிண்டிலில் சொருகிக்கொள்ளும், பெரிய முனை இடைவெளியோடு நிற்கும். ஆடும், உரசும், கறை படியும், சூட்டில் இறுகும்.

சோதிப்பது எளிது. புல் ஸ்டட்டைக் கழற்றிவிட்டு, டேப்பரில் நீளவாக்கில் மெல்லிய கோடாகப் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீலப் பசை) தடவி, டேப்பர் ரிங் கேஜில் வைத்து லேசாகத் திருப்பி எடுங்கள். பிறகு புல் ஸ்டட்டை டார்க் ரெஞ்சால் அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கி மறுபடி பாருங்கள். இரண்டு தடமும் ஒரே மாதிரி இருந்தால் அந்த ஹோல்டர் பிழைத்தது. கழற்றிய பிறகும் சின்ன முனையிலேயே தடம் விழுந்தால் அது நிரந்தரமாக வீங்கிவிட்டது, ஸ்பிண்டில் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

புல் ஸ்டட்டின் வகையையும் பாருங்கள். 45 பாகை, 60 பாகை, 90 பாகை என்று தலையின் கோணமும் நீளமும் மாறும். பார்க்க ஒன்றுபோல இருக்கும். தலையின் நீளம் கொஞ்சம் குறைந்தாலும் டிராபாரின் தள்ளல் அதை எட்டாது.

வெர்னியர்:

டிராபார் இழுவிசையையும் அளக்கச் சொல்லுங்கள் அக்கா. டிஸ்க் ஸ்பிரிங் ஒன்றிரண்டு முறிந்திருந்தாலும் இழுவிசை குறைந்து ஹோல்டர் ஆடும். அதற்கென்று ஹோல்டர் வடிவிலேயே அளவி கிடைக்கிறது. இறுகிக்கொள்வதற்கு இழுவிசை அதிகமானதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், குறைவதும் இந்தக் கறை வழியாக அதே இடத்துக்குத்தான் கொண்டுவந்துவிடும்.

ஐந்தாம் அச்சு:

அப்படியானால் டேப்பரில் எண்ணெய் தடவலாமா? வெர்னியர் கணக்குப்படி உராய்வு 0.1-க்கு வந்தால் தானாக விட்டுவிடுமே. எங்கள் இடத்தில் “டேப்பர் உலர்ந்து இருக்க வேண்டும்” என்று கண்டிப்பு.

வெர்னியர்:

இரண்டு தரப்பும் பாதி சரி. எண்ணெய் வழிய வழிய இருந்தால் அது ஹோல்டரை முழுவதும் உட்காரவிடாது, தூளையும் சேர்த்து ஒட்டவைக்கும். முற்றிலும் உலர்ந்தால் கறையும் இறுக்கமும் வரும். மெல்லிய எண்ணெயை ஒரு துணியில் எடுத்துத் தடவி, வேறு சுத்தமான துணியால் துடைத்துவிட்டால் மிஞ்சுமே ஒரு பசை, அது போதும். திருகுவிசையைப் பற்றிக் கவலை வேண்டாம், பிடி வகையில் அதைத் தாங்க டிரைவ் கீ இருக்கிறது. ஆர்8-க்கும் மோர்ஸுக்கும் இதைச் சொல்ல மாட்டேன், அங்கே உராய்வுதான் பிடிமானம்.

பழைய பிட்டர்:

ஆமாம். செம்பு கலந்த ஆன்டி சீஸ் பேஸ்டை மட்டும் டேப்பரில் பூசாதீர்கள். அதில் திடத் துகள் இருக்கிறது, டேப்பரின் துல்லியம் போய்விடும்.

நைட்ஷிப்ட்:

சோதித்துவிட்டோம். அந்த பேஸ் மில் ஆர்பர், புல் ஸ்டட்டைக் கழற்றிய பிறகும் சின்ன முனையில்தான் தொடுகிறது. ஒதுக்கிவிட்டோம். மற்ற ஹோல்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்ததில், சில புல் ஸ்டட்டைத் தளர்த்திச் சரியான டார்க்கில் இறுக்கியதும் தடம் பெரிய முனைக்கு வந்துவிட்டது. இழுவிசை கையேட்டு அளவுக்குள்தான் இருக்கிறது. பூஸ்டர் எண்ணெய் கசிந்தது ஒரு பழைய சீலில், அதை மாற்றச் சொல்லியிருக்கிறோம். ஷிப்ட் முடிவில் டூலைக் கழற்றி வைக்க வேண்டும் என்று மெஷின் மேலேயே எழுதி ஒட்டியாகிவிட்டது.

கடைசிக் கேள்வி. ஸ்பிண்டில் டேப்பருக்குள்ளும் கொஞ்சம் பழுப்புக் கறை தெரிகிறது. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கலாமா?

கிரைண்டிங் கை:

எமரி வேண்டாம். கையால் தேய்த்தால் ஒரு பக்கம் அதிகம் போகும், அந்த ஓட்டத்தை கிரைண்டிங்கில்தான் எடுக்க முடியும். டேப்பர் துடைக்கும் கருவியில் கரைப்பான் நனைத்த துணி சுற்றிக் கறையைத் துடையுங்கள். கரைப்பானை உள்ளே ஊற்றவோ தெளிக்கவோ கூடாது, சீல் தாண்டிப் பேரிங்குக்குப் போய்விடும். மேடாக ஏதாவது நகத்தில் தட்டுப்பட்டால் அந்த மேட்டை மட்டும் மிக மென்மையான எண்ணெய்க் கல்லால் தொட்டு எடுங்கள். பள்ளம் இருந்தால் விட்டுவிடுங்கள், பள்ளம் ஹோல்டரைத் தூக்காது.

பிறகு டெஸ்ட் மாண்ட்ரல் (ஆட்டம் அளக்கும் துல்லியமான சோதனைத் தண்டு) போட்டு, ஸ்பிண்டில் மூக்கருகில் ஒரு ரீடிங், 300 மி.மீ. கீழே ஒரு ரீடிங் எடுங்கள். மாண்ட்ரலை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி எடுங்கள், ஆட்டம் மாண்ட்ரலுடையதா ஸ்பிண்டிலுடையதா என்று பிரிந்துவிடும். எண்களை இங்கே போடுங்கள், கிரைண்டிங் தேவையா என்று பார்த்துச் சொல்கிறேன்.

நைட்ஷிப்ட்:

மாண்ட்ரல் கேட்டிருக்கிறேன் அக்கா. கைக்கு வந்ததும் ரீடிங்கைப் போடுகிறேன்.